நிறுத்து

பிப்ரவரி 6

அன்புள்ள ரம்பத்துக்கு,

உன் அண்ணன் வைத்த பட்டப்பெயரை நானும் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் காதை அறுத்துவிட்டுத்தானே நீ ஓய்வாய்? போனில் பேசினால் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது, கடிதம் என்றால் யோசித்துச் சண்டை போடலாம் என்று ஏற்பாடு செய்ததும் நீதான். ஆகவே யோசித்து எழுதுகிறேன். தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? மரக்கிடங்கில் மேற்பார்வை என்றால் மேலிருந்து பார்ப்பது. நீயே போய் மரம் தூக்குவது அல்ல. இங்கே நாங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம்.

நீ அனுப்பிய மேஜை ரம்பம் பத்திரமாக வந்து இறங்கியது. லாரியிலிருந்து இறக்க எங்கள் பொதுப் பட்டறையே திரண்டு வந்துவிட்டது. உன் அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தால், என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு ஆசையாகப் பார்த்த நினைவு இல்லை.

கொட்டகையை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பஸ் ரிப்பேர் செய்த இடம் என்பதற்குத் தரையில் கறுப்பு எண்ணெய்க் கறை மட்டும்தான் மிச்சம். ஒரு சுவர் முழுக்கக் கருவிகள். ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் வெள்ளைப் பெயின்ட்டில் வரைந்திருக்கிறோம். யார் எதை எடுத்துப் போய்த் திருப்பவில்லை என்பதைச் சுவரே காட்டிக்கொடுத்துவிடும். வெல்டிங் ஒரு மூலை, தையல் மிஷின்கள் ஒரு மூலை, ரேடியோ பிரித்துப் பார்ப்பவர்கள் ஒரு மூலை. சனிக்கிழமை மதியம் பொது வகுப்பு. போன வருஷம் ஆள் பிடிக்க நான் தெருத்தெருவாக அலைந்தேன். இப்போது 'இந்த வாரம் இடமில்லை' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போது உள்ளூரப் பெருமையாக இருக்கிறது என்பதை உன்னிடம் மறைப்பானேன்?

நகராட்சி இந்தக் கொட்டகையைக் கொடுத்ததே பொது வகுப்புக்காகத்தான். வகுப்பு இல்லையென்றால் கொட்டகையும் இல்லை. தலைவரான பிளம்பருக்கு அந்தக் கவலையிலேயே பாதி முடி கொட்டிவிட்டது. நான் செயலாளர். அதாவது சாவி, நோட்டீஸ், தேநீர், யார் டிரில்லை யார் எடுத்தது என்ற பஞ்சாயத்து, எல்லாம் என் இலாகா.

மர வகுப்பில் ஒரு பஸ் கண்டக்டரம்மா சேர்ந்திருக்கிறார். மகளுக்குக் கட்டில் செய்கிறார். ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகியவர் ஆயிற்றே, மிஷின் முன்னால் அவ்வளவு நிதானமாக நிற்கிறார்.

நேரம் கிடைக்கும்போது எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது.

உன் அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

தோள்பட்டை தன்பாட்டுக்கு வலிக்கிறது, நான் என்பாட்டுக்கு வேலை செய்கிறேன். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் அண்ணன் சாப்பிட மறந்தே செத்துப்போவார்.

மிஷினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பாவின் மரக்கடையை மூடியபோது அண்ணன் வீட்டை எடுத்துக்கொண்டார், நான் இந்த மிஷினைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொந்தக்காரர்கள் எல்லாம் எனக்குக் கிறுக்கு என்றார்கள். இருக்கட்டும். அது கோபக்கார மிஷின், அண்ணி. பலகை நடுவில் இறுகினால் அறுக்காது, திருப்பி எறியும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பக்கத்தில் அண்ணன் எப்போதும் நிற்க வேண்டும். ஒருவர் அறுக்கும்போது இன்னொருவரிடம் அரட்டை கூடாது. அண்ணனுக்கு இது தெரியும். தெரிந்ததை மறப்பதில்தான் அவர் கெட்டிக்காரர்.

உங்களிடம் ஒரு கேள்வி. 'யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் எழுதுகிறீர்கள். மிஷின் ஓட ஆரம்பித்ததும் தேநீர் போடக் கிளம்பிவிடுகிறீர்களாமே? அண்ணன் போட்டுக்கொடுத்துவிட்டார். ஊருக்கெல்லாம் வகுப்பு, செயலாளருக்கு மட்டும் விடுமுறையா? அந்தக் கண்டக்டரம்மா கட்டில் செய்து முடிப்பதற்குள் நீங்கள் ஒரு முக்காலியாவது செய்யுங்கள் பார்க்கலாம்.

இப்படிக்கு, உங்கள் காதை அறுக்க எப்போதும் தயாராக இருக்கும்
ரம்பம்


மார்ச் 17

அன்புள்ள நாத்தனாருக்கு,

சனிக்கிழமை வகுப்பு முடிந்த பிறகு உன் அண்ணன் கையில் அடிபட்டுவிட்டது. வலது கை. மருத்துவமனையில் தையல் போட்டார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார். சாப்பிடுகிறார், தூங்குகிறார். பயப்பட ஒன்றும் இல்லை. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விவரமாகப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 22

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்திலாவது ஏதாவது எழுதியிருக்குமா என்று. மிஷினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்! நான் மிஷினையா கேட்டேன்?

நம் ஒப்பந்தத்தை மீறிப் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தார். "ஒண்ணுமில்ல, லேசா பட்டுருச்சு, நீ உன் வேலையைப் பாரு" என்றார். லேசாகப் பட்டவர் குரல் மாதிரி இல்லை. உங்களிடம் கொடுக்கச் சொன்னால், "அவ தூங்குறா" என்றார். பகல் பதினோரு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எந்த விரல்? எவ்வளவு ஆழம்? மிஷினை ஓட்டியது அண்ணனா, வேறு யாராவதா? நீங்கள் அங்கே இருந்தீர்களா? தயவுசெய்து ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் வழக்கமான நலவிசாரிப்புகூட இல்லை. அதுதான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

ரம்பம்


ஏப்ரல் 4

அண்ணிக்கு,

பதில் இல்லை. சரி. உங்கள் தலைவர் பிளம்பருக்குப் போன் செய்து நானே விசாரித்துக்கொண்டேன்.

இரண்டு விரல் போய்விட்டது என்று ஊரார் வாயிலிருந்து நான் தெரிந்துகொள்ள வேண்டுமா? என் அண்ணன் இல்லையா அவர்? எனக்குத் தெரியக் கூடாதா?

யாரோ ஒருவர் மிஷினில் இருந்தார்களாம். யாரென்று அண்ணன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாராம். "தப்பு என்னோடது, ஆள் யாருன்னு கேக்காதீங்க" என்று கமிட்டியில் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாராம். எல்லோரும் கண்டக்டரம்மா என்று பேசிக்கொள்கிறார்களாம், அன்று கடைசியாகக் கிளம்பியது அவர்தானாம்.

உண்மையா? உங்களுக்குத் தெரியாமல் அந்தக் கொட்டகையில் ஓர் ஆணிகூட அசையாது. எழுதுங்கள். நான் கெஞ்சுவது எனக்கே பிடிக்கவில்லை.


ஏப்ரல் 15

அன்புள்ள ரம்பத்துக்கு,

உன் கோபம் நியாயம். நான் தினமும் பேனாவை எடுத்தேன், தினமும் மூடி வைத்தேன். நீ நன்றாக இருக்க வேண்டும். தோள்பட்டைக்கு டாக்டரிடம் போனாயா? இந்தக் கேள்வியைக் கடமைக்குக் கேட்கவில்லை. இந்த வீட்டில் இன்னொருவருக்கு வலிக்கிறது என்று கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

சுண்டு விரலும் மோதிர விரலும். இரண்டும் நடுக்கணு வரை. புண் ஆறிவருகிறது. இடது கையால் சட்டைப் பொத்தான் போடப் பழகுகிறார். உதவிக்குப் போனால் என் கையை மெதுவாக விலக்கிவிடுகிறார். கோபித்து விலக்கினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. உளியைக் கையில் எடுத்துப் பார்ப்பார், பிடி நழுவும், ஒன்றும் நடக்காததுபோல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவார்.

நடந்தது இதுதான். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, கற்றுக்கொள்ள வந்த ஓர் ஆள் இன்னும் ஒரு பலகை அறுக்க வேண்டும் என்று கேட்டார். உன் அண்ணன் பக்கத்திலேயேதான் நின்றார். அரட்டை அடிக்கவில்லை. பாதி தூரம் வரை ஒழுங்காகப் போனது. பிறகு அறுத்த இடம் இறுகி, ரம்பப் பல்லைப் பிடித்துக்கொண்டது. புகை வந்தது. உன் அண்ணன் "நிறுத்து!" என்று கத்தினார்.

அவர் சொன்னது மிஷினை. அந்த ஆள் நிறுத்தப் பார்த்தது பலகையை. படுக்கையாகக் கிடந்ததைத் தூக்கி, ஓடுகிற ரம்பத்தின் மேலேயே, செங்குத்தாக நிறுத்த. அது எகிறியது. அந்த ஆளின் முகத்துக்கு வர வேண்டியது. உன் அண்ணன் கையை விட்டு அமுக்கினார்.

ஒரு சொல்தான். அந்த ஆளுக்கு அந்த நேரத்தில் அது அப்படித்தான் காதில் விழுந்தது. இதற்குமேல் என்னிடம் கேட்காதே.

கமிட்டி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. "இனிமே மிஷின்ல கையை வைக்கிறது தொழில் தெரிஞ்சவங்க மட்டும்தான். பொது வகுப்பு எல்லாம் போதும்" என்கிறார்கள் பாதிப் பேர். அப்படி முடிவானால் கொட்டகை கையைவிட்டுப் போய்விடும். கண்டக்டரம்மா வருவதில்லை. யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் உள்ளே வந்ததும் பேச்சை அடக்கினார்கள், அவ்வளவுதான். பாதி செய்த கட்டில் சுவரோரம் சாய்ந்திருக்கிறது. அதைத் தாண்டித்தான் நான் தினமும் விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் பொத்தான் போடுவதைப் படித்துவிட்டுக் கிடங்கின் பின்பக்கம் போய் அழுதேன். அதைச் சொல்லிவிட்டேன். இனி கோபம்.

காதில் அப்படி விழுந்ததாம்! எரிகிற வீட்டில் நின்றுகொண்டு அகராதி புரட்டிய கதையாக இருக்கிறது. புகை வருகிறது, பக்கத்தில் ஒருவர் கத்துகிறார், மிஷினை அணைக்கும் சிவப்புப் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை அமுக்கத் தெரியாத கவனமில்லாத ஜென்மத்தை எதற்கு மிஷின் முன்னால் விட்டீர்கள்? அண்ணன் விரலைக் கொடுத்து அந்த முகத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அந்த முகமோ ஊரில் வேறொருத்தி பழி சுமப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டு எங்கேயோ சாப்பிட்டுத் தூங்குகிறது. அண்ணன் பெரிய மனது வைத்து மறைக்கிறார், நீங்கள் அவருக்கு ஒத்து ஊதுகிறீர்கள்.

மிஷின் என்னுடையது. ஆகவே கமிட்டிக்கு இன்றே எழுதிவிட்டேன். அதன் நகல் இதோடு இருக்கிறது. அந்த ஆளை மேலே திட்டியதெல்லாம் அதிலும் அப்படியே இருக்கிறது. சுருக்கம் இது: அந்த ஆள் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று தான்தான் என்று சொல்ல வேண்டும். வாழ்நாளில் இனி அந்த மிஷினைத் தொடக் கூடாது. இரண்டும் நடந்தால் மிஷின் அங்கேயே இருக்கட்டும், கண்டக்டரம்மாவும் வரட்டும், எல்லோருக்கும் வகுப்பு நடக்கட்டும். நடக்காவிட்டால் மே மாதக் கடைசியில் லாரி வரும். அந்த ஆளை நான் மன்னிக்கவே மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறேன். அதை விட்டுவிடாமல் வாசிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மேல் கோபம் இல்லை, அண்ணி. நீங்கள் இளைத்துவிட்டீர்கள் என்று பிளம்பர் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

ரம்பம்


ஏப்ரல் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் கடிதமும் நகலும் கிடைத்தன. உன் அண்ணனுக்குக் கட்டு அவிழ்த்தாகிவிட்டது. வெளியே போகும்போது மட்டும் துணி சுற்றிக்கொள்கிறார். எனக்கு ஒன்றும் இல்லை. வெயில் அதிகம்.

பொதுக்குழு மே பத்தாம் தேதி கூடுகிறது. வகுப்பு வேண்டுமா வேண்டாமா என்று அன்று முடிவாகும். உன் கடிதம் அதில் வாசிக்கப்படும். வந்த கடிதங்களை வாசிப்பது செயலாளர் வேலை.

அண்ணி


மே 6

அண்ணி, அண்ணி,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். நேற்றிலிருந்து போன் செய்துகொண்டே இருக்கிறேன். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன் போன் அணைந்து கிடக்கிறது. பத்தாம் தேதிக்குள் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நேற்று கிடங்கில் புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். சுவரைக் காட்டி, "நிறுத்துப்பா" என்றேன். அவர் அப்படியே நின்றுவிட்டார், என்ன தப்பு செய்தேன் என்று என் முகத்தைப் பார்த்தார். சிரித்துவிட்டேன். வெளியாட்களுக்கு இது வழக்கம்தான். வெறுமனே 'நிறுத்து' என்றால் அவர்கள் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடுவார்கள். பலகையை நேராக நிமிர்த்தி வைக்க மாட்டார்கள்.

சிரித்து முடிப்பதற்குள் உங்கள் ஏப்ரல் கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது.

வெறும் 'நிறுத்து' காதில் விழுந்ததும் பலகையைத் தூக்கி நேராக வைப்பவர்கள் எங்கள் வீட்டு ஆட்கள் மட்டும்தான். மரக்கடைக்குள் பிறந்து வளர்ந்தவர்கள். எங்களுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. பலகையை நிறுத்து, ஏணியை நிறுத்து, கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் நிறுத்து. மிஷினை அணைக்க அப்பா எப்போதும் "விடு" என்றுதான் சொல்வார். நீங்கள் கல்யாணமாகி வந்த புதிதில் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்பா "நிறுத்தும்மா" என்றார். நீங்கள் பயந்துபோய்ப் பாயைக் கீழே போட்டுவிட்டு நின்றீர்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை.

கண்டக்டரம்மாவாக இருந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்கியிருப்பார்.

நீங்கள் அங்கே இருந்தீர்களா என்று மார்ச் மாதம் கேட்டேன். அந்தக் கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் வரவில்லை.

அண்ணன் ஏன் 'விடு' என்று கத்தவில்லை? நேற்று முழுக்க யோசித்தேன். வெளியாட்களுக்குச் சொல்லிக்கொடுத்து, உங்களோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தி, அவர் உங்கள் பேச்சுக்கு வந்துவிட்டார். நீங்கள் அதற்குள் எங்கள் பேச்சுக்கு வந்துவிட்டீர்கள். அவசரத்தில் அவர் உங்கள் சொல்லைச் சொல்லியிருக்கிறார், நீங்கள் அதை எங்கள் வீட்டுச் சொல்லாகக் கேட்டிருக்கிறீர்கள். இதில் யாரைப் போய் நான் திட்ட?

என் கடிதத்தை வாசிக்காதீர்கள். கவனமில்லாத ஜென்மம் என்றதை வாபஸ் வாங்குகிறேன். எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றதை வாபஸ் வாங்குகிறேன். மிஷினைத் தொடக் கூடாது என்றதையும், லாரியையும் வாபஸ் வாங்குகிறேன். தலைவருக்கும் தனியாக எழுதிப் போடுகிறேன். கிண்டல் செய்து உங்களை அங்கே தள்ளிவிட்டதே நான்தான். முக்காலி செய்யுங்கள் என்று எந்த வாயால் எழுதினேன்?

போனை எடுங்கள், அண்ணி.


மே 12

அன்புள்ள ரம்பத்துக்கு,

உன் விரைவுத் தபால் நேற்று வந்தது. பொதுக்குழு முந்தாநாள் முடிந்துவிட்டது. நீ கூப்பிட்டதை எல்லாம் பார்த்தேன். எடுத்தால் வாசிக்காதே என்று சொல்வாய், நான் உடனே கேட்டுக்கொள்வேன். அதனால்தான் எடுக்கவில்லை. உன் அண்ணன் போனையும் நான்தான் அணைத்து வைத்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உன் கிண்டலால் நான் போகவில்லை. அந்தப் பெருமை உனக்கு வேண்டாம். வகுப்புக்குப் பெயர் கொடுக்க வந்த ஒரு பெண், "நீங்க இங்க என்னென்ன செஞ்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் நோட்டீஸைக் காட்டினேன். "இது இல்ல, கையால" என்றாள். மறுவாரம் உன் அண்ணனிடம், எல்லோரும் போன பிறகு ஒரே ஒரு பலகை என்று கேட்டேன். யாரும் பார்க்கக் கூடாது, பயந்து பின்வாங்கினால் அசிங்கம் என்று நினைத்தேன்.

பாதிப் பலகை வரை நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? மரம் இரண்டாகப் பிரிந்துகொண்டே வந்தது. உன் அண்ணன் பக்கத்தில் நின்று, "அப்படித்தான், அப்படித்தான்" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அவருக்கு வலிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் சந்தோஷம்தான் முதலில் நினைவுக்கு வந்து என்னைக் கொல்கிறது.

கொட்டகை நிரம்பி வழிந்தது. கண்டக்டரம்மாவும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், இருபக்கமும் நாற்காலி காலி. உன் கடிதத்தை ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். கவனமில்லாத ஜென்மத்தை வாசித்தேன், சாப்பிட்டுத் தூங்கும் முகத்தை வாசித்தேன். வாசித்து மடித்து வைத்துவிட்டு, "அந்த ஆள் நான்தான்" என்றேன்.

உன் அண்ணன் பின்னாலிருந்து, "உக்காரு, உன்னை யாரு கேட்டா? கத்துனது நான்" என்றார். பிளம்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

கண்டக்டரம்மாதான் எழுந்தார். "எனக்குத் தெரியும். மறந்துட்டுப் போன பையை எடுக்கத் திரும்பி வந்தேன். வாசல்ல இருந்து பாத்தேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று யாரோ கேட்டார்கள். அவர் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "அடிபட்ட வீட்டுல போயி நான் எப்படிச் சொல்றது? அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன். ஆனா இன்னைக்கும் சொல்லாம போயிருந்தா நான் சொல்லியிருப்பேன். என் பொண்ணு என்னையே சந்தேகமா பாக்குறா." எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் "கட்டில் எங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு உன் நிபந்தனைகளை ஓட்டுக்கு விட்டார்கள். வகுப்பு எல்லோருக்கும் தொடரும், நான் மிஷினைத் தொடக் கூடாது. ஆதரிப்பவர்கள் கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். எதிர்ப்பவர்கள் என்றதும் ஒரே ஒரு கை. உன் அண்ணன் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு வலது கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எண்ணி முடித்த பிறகும் இறக்கவில்லை. நான் போய்த்தான் இறக்கினேன். இந்தத் தடவை அவர் என் கையை விலக்கவில்லை.

கொட்டகை பிழைத்துவிட்டது. ஆகவே நீ வாபஸ் வாங்க வேண்டாம். தலைவருக்கு எழுதியதையும் திருப்பி வாங்கிக்கொள். முடிவானது முடிவாகவே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். நீ வாபஸ் வாங்கியதை எல்லாம் பக்கத்தில் வைத்து, கமிட்டிக்கு எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டாய், 'மன்னிக்கவே மாட்டேன்' என்றதைத் தவிர. அவசரத்தில் மறந்துவிட்டாயா? வேண்டுமென்றே விட்டாயா?

எதுவானாலும் எழுது. நான் தாங்கிக்கொள்வேன். உன் தோள்பட்டைக்கு ஒத்தடம் கொடுத்துக்கொள்.

அண்ணி


மே 20

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தத் தடவை நாள் எடுத்துக்கொண்டது நான். பேனாவை எடுத்து மூடி வைப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்கும் தெரிகிறது.

தலைவருக்கு எழுதியதைத் திருப்பி வாங்கிவிட்டேன். மிஷின் அங்கேயே இருக்கும்.

மறக்கவில்லை, அண்ணி. வேண்டுமென்றேதான் விட்டேன். மற்றதை எல்லாம் எழுத முடிந்தது. அந்த இடம் வந்ததும் கை ஓடவில்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும், நானே கண்டுபிடித்து நானே எழுதியதுதானே. தெரிந்தும் என்ன? சின்ன வயதில் எனக்குச் செருப்பு வார் கட்டிவிட்ட விரல்கள் அவை. யாராக இருந்தாலும் கோபம் வரத்தான் செய்யும். நீங்களாக இருப்பதால் அதை இறக்கி வைக்க இடமும் இல்லை. பொய்யாக ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். நீங்கள் அதை நம்பியிருக்க மாட்டீர்கள், அதற்குப் பிறகு நாம் எழுதுவது எல்லாம் வெயில் அதிகம், மழை குறைவு என்றுதான் இருக்கும்.

லீவு சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். லாட்ஜில் தங்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனம் கேட்கவில்லை. உங்கள் வீட்டில்தான் தங்குவேன். சிடுசிடுவென்றுதான் இருப்பேன், கேட்டால் ஒன்றுமில்லை என்பேன், தட்டைச் சத்தம் வர வைப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் ஆகும் என்று எனக்கே தெரியாது. கோபித்துக்கொண்டு போய் உட்கார எனக்கு வேறு வீடு கிடையாது.

ரம்பம்